சிறு தோல்விகளுக்கு இடம் விடுங்கள்

(தொலைநிலை, இணையவழிப் பட்டப்படிப்புகளில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கான அறிமுக நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இரண்டு வகை மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவர்கள் ஒரு பக்கம். வேலை, கல்யாணம், குழந்தை என்று பல ஆண்டுகள் ஓடியபின் விட்ட படிப்பைத் தொட வந்தவர்கள் இன்னொரு பக்கம். முன்னவர்களிடம் வேகம் இருக்கிறது. பின்னவர்களிடம் எதற்காகப் படிக்கிறோம் என்ற தெளிவு இருக்கிறது. இரு சாராருக்குமே இல்லாதது வகுப்பறை. அது இல்லாமற்போவதால் கைநழுவுவது என்ன, அதை நீங்களே எப்படி உண்டாக்கிக்கொள்வது என்று பேசவே வந்தேன்.

தொலைவில் இருந்தபடி படிப்பது நமக்குப் புதிதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அந்த வழிக்கு வந்தன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், நம் மாநிலத்துக்கென்றே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் பிறந்தன. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டம் தபாலில்தான் வந்தது. பகலில் மின்வாரியத்திலோ தாலுகா ஆபீஸிலோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரி கட்டுப் பிரித்த பாடநூல்களோடு உட்கார்ந்து, சனி ஞாயிறு தொடர்பு வகுப்புக்குப் பஸ் ஏறிப் போன தலைமுறை அது. அவர்களுக்கு நாம் உரிய மரியாதையைக் கொடுக்கவில்லை என்பது என் தீர்மானமான எண்ணம். “கரஸ்ல படிச்சதுதானே” என்ற இளப்பத்தை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தரும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. அந்த இளப்பத்தை இனி நீங்கள் காதில் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உங்களுக்கு இருக்கிறது. அவர்கள் கைக்கு வந்தது வெறும் புத்தகம். படித்தால்தான் படித்ததாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் கைக்கு வருவது காணொளி. ஆசிரியர் பேசுகிறார், பலகையில் எழுதுகிறார், நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள், ஒரு பச்சை அடையாளம் விழுகிறது. வகுப்பில் இருந்த உணர்வு வந்துவிடுகிறது. நீங்கள் விழித்திருந்தீர்களா, மியூட்டில் போட்டுவிட்டு வேறு ஜன்னலைத் திறந்தீர்களா என்பது அந்தப் பச்சை அடையாளத்துக்குத் தெரியாது.

வகுப்பறை நமக்கு என்ன செய்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மணி அடித்தது; நேரத்தை நாம் ஆள வேண்டியிருக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் ஒருவர் இருந்தார். நமக்குப் புரியாதது அவருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் மனம் லேசானது. இவற்றைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. வகுப்பறையில் நாம் ஓயாமல் சின்னச் சின்னதாகத் தோற்றோம். எழுப்பிக் கேட்டபோது தப்பாகச் சொன்னோம். பலகையில் கணக்குப் போட்டு மூன்றாம் வரியில் மாட்டினோம். வகுப்புத் தேர்வில் இருபதுக்கு ஏழு வாங்கினோம். யாரோ சிரித்தார்கள், ஆசிரியர் திருத்தினார், சாயங்காலம் விளையாடப் போனபோது எல்லாம் மறந்துபோயிற்று. தோற்பதும் எழுவதும் அன்றாடப் பழக்கமாக இருந்ததால் அவற்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

வீட்டில் தனியாகத் திரைக்கு முன்னால் உட்காருபவருக்கு இந்தச் சிறு தோல்விகள் கிடைப்பதே இல்லை. யாரும் எழுப்பிக் கேட்பதில்லை. தப்பாகச் சொல்ல வாய்ப்பில்லை. மாதக்கணக்கில் எல்லாம் சரியாகவே போவதுபோல் இருக்கும். அவர் சந்திக்கும் முதல் தோல்வி, தேர்வு முடிவுப் பக்கத்தில் பெரிய தோல்வியாக வந்து நிற்கும். தொலைநிலை மாணவர்கள் இடையில் படிப்பை விடுவதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறிய அடிகளே வாங்காமல் நேராகப் பெரிய அடி வாங்கியவர் எழுந்திருக்கத் தெரியாமல் தவிக்கிறார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

உங்களில் இளையவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2025-இல் கல்லூரிக்கு வந்திருக்கிறது. அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்குத் திரும்பியது 2021 செப்டம்பரில். அதற்கு இடையில் கல்வித் தொலைக்காட்சியும், அம்மாவின் போனும், வாட்ஸ்அப்பில் வந்த படங்களும்தான் பள்ளி. 2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்தானது. உயிரைக் காக்க எடுத்த முடிவுகள் அவை, சரியான முடிவுகள். ஆனாலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளிடமிருந்து தப்பாகச் சொல்லித் திருந்தும் ஒன்றரை ஆண்டுக் காலம் போய்விட்டது. அது அவர்கள் குற்றம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது பற்றிப் பேச நாம் கூச்சப்படவும் வேண்டாம்.

அதை நிரப்பத் துணிந்து இறங்குங்கள் என்கிறேன்; துணிச்சல் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கிராமத்தில் கிணற்றில் நீச்சல் பழக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டி, மேலே ஒரு மாமா நின்றுகொண்டு, குதி என்பார். குடுவை இல்லாமல் குதிப்பவன் செத்துப்போவான். குடுவையைக் கட்டிக்கொண்டு கோடை முழுக்கப் படிக்கட்டிலேயே நிற்பவனுக்கு நீச்சல் வராது. இழப்பு சிறியதாக, கற்பது பெரியதாக, தவறினால் திரும்பி வர வழியுள்ளதாக இருக்கும் முயற்சியையே நான் நல்ல துணிச்சல் என்கிறேன்.

இன்றைய இணையவழிக் கல்வியை வடிவமைத்தவர்கள் இதை அறிந்துதான் செய்திருக்கிறார்கள். 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் சேரவும் படிக்கவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்குப் போய் எழுதலாம். மதிப்பெண்ணில் வாரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75 விழுக்காடு. பன்னிரண்டு வாரப் பாடத்தில் பன்னிரண்டு பயிற்சிகள் உண்டு. கணக்கில் எடுப்பது அவற்றில் சிறந்த எட்டை மட்டும்தான். நான்கு வாரம் நீங்கள் தடுக்கி விழலாம் என்று விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த நான்கு வாரத்தை மாணவர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பலரும் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரமும் எளிதுதானே, பிறகு சேர்த்துப் பார்க்கலாம் என்று விட்டு, அடுத்த இரண்டு வாரமும் ஊர்த் திருவிழா என்று விட்டு, ஆறாம் வாரத்தில் காய்ச்சல் வரும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்கிறார்கள். முதல் நான்கு வாரத்தை ஒன்றுவிடாமல் முடித்துவிடுங்கள். சலுகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் பிரசவமோ, கம்பெனியில் ஷிப்ட் மாற்றமோ, மழையில் மூன்று நாள் மின்வெட்டோ வரத்தான் செய்யும். மன உறுதி என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதில் பாதி, இப்படிக் கையில் கொஞ்சம் இடம் வைத்திருப்பதுதான்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் இணையவழிப் பட்டத்திலும் இதே எண்ணம் தெரிகிறது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும் என்பதில்லை. நான்கு வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள்; கற்பித்த பிறகு சோதிக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தும் படிக்கலாம். அடிப்படை நிலை, டிப்ளமோ, பட்டம் என்று எந்தப் படியில் நிறுத்திக்கொண்டாலும் அதுவரை படித்ததற்குச் சான்று உண்டு. இறங்கினால் கரையேற வழியில்லையே என்ற பயத்தை இந்த ஏற்பாடு எடுத்துவிடுகிறது. நீங்கள் சேர்ந்திருக்கும் படிப்பின் விதிகளையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். எங்கே திரும்ப எழுதலாம், எத்தனை ஆண்டு அவகாசம், எந்தப் பாடத்தைத் தள்ளிவைக்கலாம் என்பதெல்லாம் விளக்கக் கையேட்டில் இருக்கும். அதை மாணவர்கள் படிப்பதில்லை. முதல் வாரத்திலேயே படித்துவிட வேண்டிய புத்தகம் அது.

துணிச்சல் என்ற பெயரில் செய்யக் கூடாதவையும் உண்டு. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் இணையத்தில் பட்டியல் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் படிப்பின் பெயரும் அந்த ஆண்டுக்கான ஒப்புதலில் இருக்க வேண்டும். போனில் இனிக்கப் பேசி, வேலை நிச்சயம் என்று சொல்லி, மாதத் தவணைக் கடனில் கையெழுத்து வாங்குபவரிடம் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பருவம் படித்துப் பார்க்காமல், இருக்கிற வேலையை விடாதீர்கள். இவை திரும்பி வர முடியாத கிணறுகள்.

பாதுகாப்பானதுபோல் தோன்றும் ஓர் ஆபத்து இருக்கிறது. நண்பரின் விடையைப் பார்த்து அசைன்மென்ட் எழுதுவது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேள்வியைக் கொடுத்து விடையை அப்படியே ஒட்டுவது. அன்றைய மதிப்பெண் முழுதாக வந்துவிடுகிறது, யாருக்கும் தெரிவதில்லை. நான் சொன்ன இரண்டு திட்டங்களிலும் முக்கியத் தேர்வுகள் மையத்தில் நேரில் உட்கார்ந்து எழுதும் தேர்வுகள். வீட்டில் பத்துக்குப் பத்து வாங்கியவர் அங்கே வெறும் கையோடு உட்காருகிறார். அவர் இழந்தது பத்து மதிப்பெண் இல்லை. பத்துக்கு நான்கு வாங்கி எங்கே சறுக்கினோம் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை வாரா வாரம் இழந்திருக்கிறார். நீங்களே போட்டுப் பத்துக்கு நான்கு வாங்குங்கள். அந்த நான்கு மதிப்புள்ளது. அதன்பிறகு நண்பரிடமும் கேளுங்கள், இயந்திரத்திடமும் கேளுங்கள்: என் இரண்டாம் படி ஏன் தப்பு என்று கேளுங்கள்.

படிக்கும் முறையிலும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவினர் ஒரு பத்தியை நான்கு அமர்வுகளில் படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஓர் அமர்வில் படித்துவிட்டு, மற்ற மூன்று அமர்வுகளில் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40. நன்றாக நினைவிருக்கும் என்று முன்கூட்டி நம்பியவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். காணொளியை இரண்டாம் தடவை பார்ப்பது சுகமாக இருக்கிறது. நோட்டை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது, அவமானமாகக்கூட இருக்கிறது. அந்தக் கஷ்டத்தில்தான் பாடம் மனத்தில் ஒட்டுகிறது. ஒவ்வொரு காணொளி முடிந்ததும் திரையைக் கவிழ்த்துவிட்டு ஐந்து வரி எழுதுங்கள். தப்பாக வரட்டும்.

சந்தேகம் கேட்பதும் ஒரு துணிச்சல்தான். நேரலை வகுப்பில் இருநூறு பேர் இருக்கும்போது மைக்கை ஆன் செய்து, “சார், எனக்கு இது புரியல” என்று சொல்ல நெஞ்சு படபடக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இன்னும் படபடக்கும். முதலில் ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்புங்கள். தமிழில் கேளுங்கள், ஆங்கில வகுப்பாக இருந்தால் உடைந்த ஆங்கிலத்தில் கேளுங்கள். “புரியவில்லை” என்று மட்டும் எழுதாமல், எதுவரை புரிந்தது, என்ன செய்து பார்த்தேன், எங்கே நின்றுவிட்டது என்று எழுதுங்கள். அப்படி எழுத உட்காரும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துபோவது உண்டு. ஆசிரியர்களே, உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். “இதுகூடத் தெரியாதா” என்ற ஒரு சொல் திரை வழியாக இருநூறு வாய்களை மூடிவிடும். நேர் வகுப்பில் என்றால், பிறகு வராந்தாவில் அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டிச் சமாதானம் செய்யலாம். இங்கே வராந்தா இல்லை.

நேரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கணக்காகவே பார்ப்போம். திறந்தநிலைப் பல்கலைக்கழக வழக்கப்படி ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி. ஒரு பருவத்தில் ஐந்து தாள் என்றால் 600 மணி. பருவம் 26 வாரம். வாரத்துக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் ஆகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை நிற்கும் ஒருவரிடம் வாரத்துக்கு 23 மணி எங்கிருந்து வரும்? வராது. அதை இன்றே ஒப்புக்கொள்வது நல்லது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை படிக்கலாம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை வரும். எந்தத் தாள்களை எழுதுவது என்று விண்ணப்பத்தில் குறிப்பது நீங்கள்தான். வாரத்துக்கு உண்மையாகவே பத்து மணி கிடைக்கும் என்றால் இரண்டு தாளை எடுத்து நன்றாக எழுதுங்கள். ஐந்துக்கும் பணம் கட்டி ஐந்திலும் அரியர் வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குறைந்தது உழைப்பு இல்லை, இந்தக் கூட்டல் கணக்கு.

கிடைக்கும் பத்து மணியையும் “நேரம் கிடைக்கும்போது” என்று விடாதீர்கள். ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவர்களுக்கு ஒரு வேலை: கிறிஸ்துமஸ் இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவுசெய்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் கெடுவுக்குள் முடித்தார்கள். அப்படி முடிவுசெய்யாதவர்களில் 32 பேர்தான். இரு சாராருக்கும் எழுதும் எண்ணம் இருந்தது. இடமும் வேளையும் குறித்ததுதான் வித்தியாசம். “செவ்வாய் விடியற்காலை ஐந்து மணி, மாடிப்படிக்குப் பக்கத்து மேஜை, புள்ளியியல்” என்று காலண்டரில் எழுதுங்கள். கூடவே இன்னொரு வரியும் எழுதுங்கள்: “செவ்வாய் தவறினால் வியாழன் ராத்திரி ஒன்பது மணி.” இரண்டாம் வரி இல்லாத திட்டம் ஒரு நாள் தவறியதும் உடைந்துவிடும், மனமும் கூடவே உடையும்.

பெற்றோர்களே, மாமியார் மாமனார்களே, கணவர்களே, இனி பேசுவது உங்களிடம். கல்லூரிக்குப் போகும் பெண்ணை நடுப்பகலில் கடைக்கு அனுப்ப முடியாது. வீட்டில் இருந்து படிக்கும் பெண்ணை அனுப்ப முடிகிறது. “வீட்டுல சும்மாதானே இருக்கா” என்ற பேச்சு எத்தனை பட்டங்களை விழுங்கியிருக்கிறது! வகுப்பு நடக்கும்போது அடுப்பில் பால், மடியில் குழந்தை, காதில் ஆசிரியர் குரல் என்று இருப்பவருக்கு மன உறுதி பற்றி நான் என்ன போதிப்பது? அவரிடம் அது என்னைவிட அதிகமாகவே இருக்கிறது. அவருக்கு வேண்டியது சாத்திய கதவும் இரண்டு மணி நேரமும். ஒரே போனை மூன்று பேர் பகிரும் வீடுகளில் தேர்வு வாரத்திலாவது அந்தப் போன் யாருக்கு என்று பேசி முடிவு செய்யுங்கள். வீட்டில் இடமே இல்லாதவர்கள் நூலகத்துக்குப் போங்கள். சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு மேஜை போதும். அங்கே உங்களைப் போலப் படிக்கும் இன்னொருவரையும் சந்திப்பீர்கள்.

அந்த இன்னொருவர் மிகவும் தேவை. ஒரே படிப்பில் சேர்ந்த மூன்று நான்கு பேர் சிறு குழுவாகிவிடுங்கள். நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைச் சொல்லவில்லை. அங்கே காலை வணக்கமும் வதந்தியும்தான் அதிகம். மூன்று பேர், வாரம் ஒருநாள், அரைமணி நேரப் பேச்சு. யார் எதை முடித்தோம், யார் எதில் மாட்டினோம் என்பது மட்டும். நீங்கள் ஒரு வாரம் காணாமற்போனால் போன் போட்டு “என்னப்பா ஆச்சு?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். வகுப்பில் வருகைப் பதிவேடு அந்த வேலையைச் செய்தது.

இவ்வளவும் செய்த பிறகும் தேர்வில் தோற்பவர்கள் உங்களில் இருப்பார்கள். முடிவு வந்த அன்று ஒரு முடிவும் எடுக்காதீர்கள். நிறுத்துகிறேன் என்றோ, உடனே எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறேன் என்றோ அன்று சொல்ல வேண்டாம். சாப்பிடுங்கள், தூங்குங்கள், யாரிடமாவது சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வியில் பாடம் தெரியவில்லை, எதில் தெரிந்தும் நேரம் போதவில்லை, எதில் கேள்வியே புரியவில்லை என்று பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது, அடுத்த தேர்வு எப்போது என்று கையேட்டில் பாருங்கள்.

ஒரு வாரம் ஆகியும் மனம் எழவில்லை, தூக்கம் வரவில்லை, வாழ்வதே பாரமாக இருக்கிறது என்றால் அதைத் தனியாகத் தாங்கிக்கொள்வதை மன உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். பதிந்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் போன் இல்லையென்றால் அவருடைய கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுங்கள்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு பாடவாரியாக அறைகளுக்குப் போகப் போகிறீர்கள். போகும்போது உங்கள் தாளையே எடுத்திருக்கும் இரண்டு பேரைக் கண்டுபிடித்து எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் போய்க் கேட்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தோடேயே கேளுங்கள்.